இலவச டிக்கெட்டுக்கு என்ன விலை? மும்பை வாசகர்களின் கார்டு கேள்விகளும் பதில்களும்

விமான நிறுவனங்களின் பெயர் போட்ட கிரெடிட் கார்டுகளைப் பற்றி மும்பையிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு வங்கியின் கார்டு பிரிவில், வாடிக்கையாளர் புகார்களைப் படித்துப் பதில் எழுதும் வேலையை நெடுங்காலம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே வந்த புகார்களில் திருட்டு, மோசடியைவிட, ‘இப்படி ஒரு கட்டணம் இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே’ என்பதுதான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் செம்பூர் செட்டா நகரில் இருக்கிறோம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள். மே விடுமுறைக்கும் தீபாவளிக்கும் மதுரைக்குப் போவோம். போன மாதம் விமான நிலையத்தில் கார்டு விற்கும் பையன் ஒருவன் எங்களை நிறுத்தி, “வருஷத்துக்கு 3,000 ரூபாய்தான் ஆன்ட்டி, சேர்ந்த உடனே ஒரு டிக்கெட் ஃப்ரீ, அப்புறம் மளிகை வாங்கினாலே பாயின்ட் சேரும், ஊருக்கு இலவசமாகப் போய் வரலாம்” என்று ஹிந்தியில் மூச்சு விடாமல் சொன்னான். எங்களுக்கு மாதம் 40,000 ரூபாய் வரை கார்டில் செலவாகிறது. வாங்கலாமா அக்கா?
– வாசகி, செம்பூர்

பதில்: வேண்டாம் என்பதுதான் என் பதில். எப்படிக் கணக்குப் போட்டேன் என்று சொல்கிறேன். வேறு ஸ்டாலில் வேறு பையன் நிறுத்தினாலும் அதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்த 3,000. கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆக உங்கள் பில்லில் வரப்போவது 3,540. கார்டு விற்பவர்கள் யாரும் வரியைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து, ‘ஃப்ரீ’ டிக்கெட். இது பெரும்பாலும் ஒரு வவுச்சராக வரும். அந்த வவுச்சர் அடிப்படைக் கட்டணத்தை மட்டும்தான் ஈடுகட்டும். விமான நிலையப் பயனாளர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், வரி, விமான நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் கட்டணம் எல்லாம் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வவுச்சருக்குக் காலக்கெடு உண்டு. பல கார்டுகளில் ஆறு மாதம். எந்த வகுப்பில் எத்தனை சீட்டை வவுச்சருக்கு ஒதுக்குவது என்பது விமான நிறுவனத்தின் இஷ்டம். நீங்கள் போவதோ மே மாதமும் தீபாவளியும். மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பும் அந்த வாரங்களில் பணம் கொடுத்தாலே சீட்டுக் கிடைப்பது கஷ்டம். வவுச்சரோ ஒன்று, நீங்களோ நான்கு பேர். ஒரு சீட்டுக்காக அந்த நிறுவனத்தின் அந்த விமானத்தையே பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று டிக்கெட்டையும் அங்கேயே என்ன விலை சொன்னாலும் வாங்க வேண்டி வரும். வேறு நிறுவனத்தில் தலைக்கு 800 ரூபாய் குறைவாக இருந்தாலும் உங்களால் அந்தப் பக்கம் போக முடியாது. இந்த நஷ்டம் எந்தப் பில்லிலும் தெரியாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது மளிகைப் பாயின்ட். மாதம் 40,000 என்கிறீர்கள். அதில் பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் போடும் பணம், அரசுக் கட்டணங்கள், நகை, இ.எம்.ஐ.யில் வாங்கிய பொருள் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலான கார்டுகள் பாயின்ட் தருவதில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்குப் பல வங்கிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அல்லது பாயின்ட்டையே நிறுத்திவிட்டன. போதாததற்கு, செயலி வழியாக வாடகை கட்டினால் 1 சதவீதம் கட்டணம் வாங்கிய வங்கிகளும் உண்டு. இவற்றைக் கழித்தால் உங்களுக்குப் பாயின்ட் சேரும் செலவு மாதம் 25,000 இருக்கலாம். வருடத்துக்கு 3 லட்சம். 200 ரூபாய்க்கு 4 பாயின்ட் என்று வைத்தால் 6,000 பாயின்ட்.

இந்த 6,000-க்கு எத்தனை ரூபாய் மதிப்பு? அதைக் கார்டு விளம்பரத்தில் தேடாதீர்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்கள் உண்மையிலேயே போகப்போகும் தேதியைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பணமாகக் கட்டினால் டிக்கெட் 6,200 ரூபாய். பாயின்ட்டில் எடுத்தால் 9,000 பாயின்ட், அதோடு கையிலிருந்து 1,400 ரூபாய் வரி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6,200-ல் 1,400-ஐக் கழித்தால் 4,800. அதை 9,000-ஆல் வகுத்தால் ஒரு பாயின்ட் சுமார் 53 பைசா. உங்கள் வருடச் சேமிப்பான 6,000 பாயின்ட் 3,200 ரூபாய். கட்டியது 3,540. முதல் வருடம் வவுச்சரை உங்களால் பயன்படுத்த முடிந்தால் தப்பிக்கலாம். இரண்டாம் வருடத்திலிருந்து 340 ரூபாய் கைநஷ்டம். 6,000 பாயின்ட்டில் அந்த ஒரு டிக்கெட்டையும் எடுக்க முடியாது என்பது வேறு; அடுத்த வருடமும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணமே இல்லாமல் 1 சதவீதம் பணமாகத் திருப்பித் தரும் சாதாரண கார்டில் இதே 3 லட்சத்துக்கு 3,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணத்தில் ரயில் டிக்கெட் எடுக்கலாம், எந்த விமானத்திலும் ஏறலாம், பிள்ளைக்குச் சட்டை வாங்கலாம்.

டிக்கெட் புக் செய்யும்போது கடைசித் திரையில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஒன்று வரும். பல நிறுவனங்களில் இது ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி. நான்கு பேர் போய் வந்தால் எட்டு முறை. கார்டில் கட்டினால் எவ்வளவு, யு.பி.ஐ.யில் கட்டினால் எவ்வளவு என்று அந்தத் திரையிலேயே மாற்றிப் பாருங்கள். கார்டில் கிடைக்கும் பாயின்ட்டைவிட இந்த ஃபீயே அதிகமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. இதுவரை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், பாயின்ட் இருக்கிறதே என்று விமானத்துக்கு மாறினால், ஒரு டிக்கெட்டின் ஒரு பகுதி இலவசமாகும். மற்ற மூன்று டிக்கெட் புதிய செலவு. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்து விமானத்தில் போகலாம் என்று முடிவு செய்தால் தாராளமாகப் போங்கள். அந்த முடிவை கார்டு எடுக்க விடாதீர்கள்.

யாருக்கு இந்தக் கார்டு சரிப்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தேரியிலிருந்து மாதம் மூன்று நான்கு முறை அலுவலக வேலையாகச் சென்னைக்குப் பறப்பவர், எப்போதும் ஒரே நிறுவனத்தில் போகிறவர், செலவைக் கம்பெனி திருப்பித் தருகிறது, பில்லை முழுசாகக் கட்டிவிடுகிறார் என்றால் அவருக்கு லாபம்தான். அவர் எந்தத் தேதியிலும் போவார். வார நடுவில் காலியாக இருக்கும் சீட் அவருக்குக் கிடைக்கும்.

அந்தப் பையனிடம் கோபப்பட வேண்டாம். அவனுக்கு மாதா மாதம் இத்தனை கார்டு விற்க வேண்டும் என்று இலக்கு இருக்கும். ஆனால் அடுத்த முறை கேளுங்கள்: “கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கொடு.” வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: மேடம், என் வயது 27. ஐரோலியில் ஐ.டி. வேலை, வீடு தாராவி 90 அடி ரோடு பக்கம். என் விமானக் கார்டில் மூன்று மாதத்துக்குள் இவ்வளவு செலவு செய்தால் ஒரு டிக்கெட் வவுச்சர் என்று மைல்ஸ்டோன் இருந்தது. அதை எட்டுவதற்காகக் கடைசி நேரத்தில் 80,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜும் போனும் வாங்கினேன். வவுச்சர் வந்துவிட்டது. பில்லை முழுசாகக் கட்ட முடியவில்லை; குறைந்தபட்சத் தொகை 4,000 கட்டினேன். அடுத்த பில்லில் வட்டியைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். தப்பாகப் போட்டுவிட்டார்களா? வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாக நண்பர் சொல்கிறார்.
– வாசகர், தாராவி

பதில்: தப்பாகப் போடவில்லை தம்பி. நண்பர் சொன்ன தீர்ப்பு இப்போது இல்லை. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இன்று பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5-லிருந்து 3.75 சதவீதம். வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம்.

நீங்கள் தேதிகளை எழுதவில்லை. நானே தேதி வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஜூன் 1 அன்று 80,000-க்கு வாங்குகிறீர்கள். பில் ஜூன் 15. கடைசித் தேதி ஜூலை 4. அன்று 4,000 கட்டுகிறீர்கள். வட்டி ஜூலை 5-லிருந்து மீதி 76,000-க்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முழுத் தொகையைக் கட்டாத கணத்தில் வட்டியில்லாத காலம் என்ற சலுகை பின்தேதியிட்டு ரத்தாகிவிடும். வட்டி ஜூன் 1-லிருந்தே ஓடத் தொடங்கும். ஜூலை 4 வரை 33 நாள் 80,000-க்கு, 45 சதவீத வட்டியில் சுமார் 3,255 ரூபாய். அடுத்த பில் தேதியான ஜூலை 15 வரை 76,000-க்கு இன்னும் 1,030. இரண்டும் சேர்த்து 4,285. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 771. மொத்தம் 5,056.

நீங்கள் கட்டிய 4,000-ஐவிட வட்டியும் வரியும் 1,056 ரூபாய் அதிகம். அதாவது கட்டிய பிறகும் கடன் ஏறியிருக்கிறது. அந்த 80,000-க்குக் கிடைத்த பாயின்ட், முன் பதிலில் போட்ட கணக்குப்படி 1,600, ரூபாயில் 850. வவுச்சரின் மதிப்பைச் சேர்த்தாலும் இரண்டு மாத வட்டி அதை விழுங்கிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாக்கி இருக்கும்வரை நீங்கள் இன்றைக்கு அதே கார்டில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் அதற்கும் சாப்பிட்ட நாளிலிருந்தே வட்டி. ஆகவே இன்றே அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஸ்விக்கி, ஓலா, ஓ.டி.டி. என்று தானாகப் பணம் எடுக்கும் எல்லாவற்றிலிருந்தும் கார்டை நீக்குங்கள்.

பாக்கியை அடைக்க வேறு கடன் வாங்குவது இந்த ஒரு இடத்தில் புத்திசாலித்தனம், வட்டி குறைவாக இருந்தால். வீட்டில் நகை இருந்தால் அம்மாவிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி வங்கியில் நகைக் கடன் கேளுங்கள். வட்டி கார்டு வட்டியில் பாதிகூட வராது. சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் தனிநபர் கடனும் கார்டைவிட மலிவுதான். கார்டு நிறுவனமே ‘இ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம்’ என்று போன் செய்யும். அதை எடுப்பதானால் செயலாக்கக் கட்டணம், வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி., முன்கூட்டி அடைத்தால் அபராதம் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சத் தொகை என்ற வரியைப் பில்லில் அவ்வளவு பெரிதாக அச்சடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் கெட்ட பெயர் வராது. ஆனால் வட்டி ஓடுவதை அது நிறுத்தாது. 27 வயதில் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கட்டிய கடிதங்களைப் படித்திருக்கிறேன். நீங்கள் ஒரே பில்லில் விழித்துக்கொண்டு கேட்டுவிட்டீர்கள். 80,000 அடைத்துவிடக்கூடிய தொகைதான்.

கேள்வி: மாட்டுங்காவில் ஓய்வு பெற்று வசிக்கிறேன். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன். விமானக் கார்டைக் காட்டினால் அங்கே இரட்டைப் பாயின்ட் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கடையில் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, சிங்கப்பூர் டாலரிலா?’ என்று கேட்பார்களாமே, எதைச் சொல்வது?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: சிங்கப்பூர் டாலர் என்று சொல்லுங்கள் ஐயா. எப்போதும், எந்த நாட்டிலும், அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள்.

ரூபாயில் கட்டலாம் என்று அந்த மெஷின் காட்டும்போது மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கடைக்காரருக்காக அந்த மெஷினை நடத்தும் நிறுவனம். அதில் அவர்களுடைய லாபம் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கும். பெரும்பாலும் நம் வங்கி எடுப்பதைவிட அதிகம். அதோடு, ரூபாயில் கட்டினாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் பல இந்திய வங்கிகள் 1 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் தனியாகப் பிடிக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் ரூபாய் விலையைப் பார்த்து டிக்கெட்டோ ஓட்டலோ புக் செய்தாலும் இதே கட்டணம் விழலாம்.

டாலரில் கட்டினாலும் செலவில்லாமல் போகாது. பெரும்பாலான கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றுவதற்கு வங்கி சேர்க்கும் கட்டணம், 3.5 சதவீதம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 4,130 ரூபாய் இதற்கே போகும். இரட்டைப் பாயின்ட்டின் மதிப்பு, ரூபாயாக்கினால், அதை ஈடுகட்டுவது அரிது. இந்த 3.5-ஐப் பில்லில் தனி வரியாகக் காட்டாமல் ரூபாய்த் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடும் கார்டுகளும் உண்டு. ஜி.எஸ்.டி. மட்டும் தனி வரியாக நிற்கும். அந்தச் சிறு வரியை வைத்துத்தான் மார்க்அப் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது: மார்க்அப் இல்லாத அல்லது 2 சதவீதத்துக்குக் குறைவான கார்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியில் சிங்கப்பூர் டாலர் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். விமானக் கார்டு அவசரத்துக்குப் பர்ஸில் இருக்கட்டும். அதைக் கொண்டு ஏ.டி.எம்.மில் மட்டும் பணம் எடுத்துவிடாதீர்கள். ரொக்கம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம், பல வங்கிகளில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய். எடுத்த நாளிலிருந்தே வட்டி. மார்க்அப்பும் சேரும். பாயின்ட்டும் கிடையாது.

கேள்வி: பழைய ஜெட் ஏர்வேஸ் காலத்திலிருந்து மைல் (விமான நிறுவனத்தின் பாயின்ட்) சேர்ப்பவன் நான். இப்போது விஸ்தாராவும் போய்விட்டது. சேர்த்து வைத்த பாயின்ட்டுக்குச் சட்டப்படி ஏதாவது பாதுகாப்பு உண்டா? ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு ஐரோப்பா போகலாம் என்று சேர்க்கிறேன்.
– வாசகர், முலுண்ட்

பதில்: வங்கியில் நீங்கள் போடும் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. பாயின்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு பாயின்ட்டுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு, நாளைக்கு என்ன மதிப்பு என்று தீர்மானிக்கும் உரிமை முழுக்க அதை வழங்கியவரிடம்தான் இருக்கிறது. விதிமுறைப் புத்தகத்தில் அது எழுதியே இருக்கும்.

நம் கண்முன்னால் நடந்ததையே பாருங்கள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. ஜெட்டின் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பாயின்ட் மறைந்துவிடவில்லை. அந்த ஆண்டே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயின்ட்டுகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு, இப்போது மகாராஜா கிளப் என்கிறார்களே அதற்கு, போய்ச் சேர்ந்தன. விஸ்தாரா பெயர் போட்ட கார்டுகளைப் புதிதாக வழங்குவது நின்றுபோனது.

நிறுவனம் மூடப்பட வேண்டும் என்றுகூட இல்லை. 2023 செப்டம்பர் 1 முதல் ஆக்ஸிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயின்ட்டுக்கு 4 மைல் என்றிருந்தது 5 பாயின்ட்டுக்கு 2 மைல் ஆனது. ஆண்டுக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ஆனது. முந்தைய மாதமே மைலாக மாற்றிக்கொண்டவருக்கும் மறந்து விட்டுவிட்டவருக்கும் கிடைத்ததில் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

ஆகவே ஐரோப்பாவுக்காகப் பத்து வருடம் பாயின்ட் சேர்க்காதீர்கள். வைக்க வைக்க விலை குறையும் பண்டம் அது. தக்காளியைப் போல, வாங்கியவுடன் சமைத்துவிட வேண்டும். ஒன்றரை வருடத்துக்குள் செலவாகும் அளவுக்கு மட்டும் வைத்திருங்கள். ஐரோப்பாவுக்கு மாதம் 5,000 ரூபாய் தொடர் வைப்பில் போடுங்கள். அதன் மதிப்பை எந்தக் கம்பெனியும் ஒரு மின்னஞ்சலில் பாதியாக்க முடியாது.

மற்றொன்று, வங்கிப் பாயின்ட்டை விமான நிறுவனத்துக்கு மாற்றுவது ஒருவழிப் பாதை. திரும்ப எடுக்க முடியாது. மாற்றுவதற்கே 99 ரூபாய், 199 ரூபாய் என்று கட்டணம் வாங்கும் வங்கிகள் உண்டு, ஜி.எஸ்.டி. தனி. நீங்கள் போக வேண்டிய தேதியில் பாயின்ட் சீட் இருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகு மாற்றுங்கள். சீட் இருக்கும் என்று நம்பி முன்கூட்டி மாற்றாதீர்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் லவுஞ்ச் (சொகுசுக் காத்திருப்பு அறை) இலவசம் என்பதற்காகவே கார்டு எடுத்தேன். போன முறை அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயதான மாமியார் முன்னால் அவமானமாகப் போய்விட்டது.
– வாசகி, சயான்

பதில்: வருத்தமாக இருக்கிறது. பல வங்கிகள் இப்போது, முந்தைய மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் செலவு செய்திருந்தால்தான் இந்த மூன்று மாதத்தில் லவுஞ்ச் என்று மாற்றிவிட்டன. அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கும், யாரும் படித்திருக்க மாட்டோம். பெரும்பாலும் கார்டு உள்ளவருக்கு மட்டும்தான் அனுமதி. கூட வருபவருக்குத் தனிக் கட்டணம், அது கார்டில் பிறகுதான் ஏறும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் வங்கியின் செயலியில் எத்தனை முறை மிச்சம் என்று பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு இட்லியைக் கட்டி எடுத்துப் போவதில் தவறே இல்லை. உள்நாட்டு விமானத்தில் அனுமதி உண்டு.

கேள்வி: கல்யாணில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். வீட்டுக் கடனுக்கு முன் இரண்டு விமானக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாமா? சேரும் பாயின்ட்டை வைத்துக் கிரகப்பிரவேசத்துக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வரலாமே.
– வாசகர், டோம்பிவிலி

பதில்: கடன் கைக்கு வரும்வரை எந்தக் கார்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் பதிவாகும். அடுத்தடுத்து வந்தால் மதிப்பெண் குறையும். 20 வருட வீட்டுக் கடனில் கால் சதவீதம் வட்டி ஏறினால் அது எத்தனையோ டிக்கெட்டின் விலை. அப்பா அம்மாவுக்குப் பணம் கொடுத்தே டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: ‘முதல் வருடம் இலவசம்’ என்று கொடுத்த விமானக் கார்டை நான் பயன்படுத்தவே இல்லை. இப்போது 5,900 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்று பில் வந்திருக்கிறது. கார்டை மூடச் சொல்லிப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ சலுகை சொல்லி இழுத்தடிக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, தாணே

பதில்: 5,000 கட்டணம், 900 வரி. ‘முதல் வருடம் இலவசம்’ என்றால் இரண்டாம் வருடம் இலவசம் இல்லை என்று பொருள். ‘வாழ்நாள் இலவசம்’ என்று எழுத்தில் தந்திருந்தால் மட்டுமே பிறகும் கட்டணம் வராது. உங்கள் கார்டு எது என்று முதலில் விண்ணப்பத்தோடு வந்த தாளில் பாருங்கள்.

போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். முதல் மின்னஞ்சலில் கட்டணத்தை ரத்து செய்யக் கேளுங்கள். கார்டைப் பயன்படுத்தவே இல்லை, தொடர விருப்பமில்லை, கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கணக்கை மூடுங்கள் என்று நாலு வரி போதும். பில் வந்த சில நாட்களுக்குள் கேட்டால் பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. அவர்கள் ‘இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி’ என்று பதில் சொன்னால் ஏற்காதீர்கள். 5,000-ஐத் தவிர்க்க ஒரு லட்சம் செலவு செய்யச் சொல்கிறார்கள். ரத்து ஆகாத பட்சத்தில் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிட்டு, பிறகு புகாரைத் தொடருங்கள். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, சிபில் வரை போகும்.

கார்டை மூடுவதற்கு ரிசர்வ் வங்கியின் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும்வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும். தபாலில்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. மின்னஞ்சல், இணையதளத்தில் அதற்கென்று உள்ள இணைப்பு, செயலி என்று பல வழிகளைத் திறந்து வைக்க வேண்டும். கட்டணத்தை உயர்த்தினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்றும், அது பிடிக்காமல் கார்டைத் திருப்பித் தருபவரிடம் மூடுவதற்காகத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது.

கோரிக்கை அனுப்புவதற்கு முன் கணக்கில் ஏதாவது பாயின்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியபின் அது போய்விடும். அந்தக் கார்டில் ஏதாவது தானியங்கிக் கட்டணம் பதிவாகியிருந்தால் நீக்கிவிடுங்கள். மூடியதற்கு எழுத்தில் உறுதி வாங்கி, அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் சிபில் அறிக்கையில் ‘மூடப்பட்டது’ என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி உங்கள் புகாரை நிராகரித்தாலோ 30 நாளில் பதிலே தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் கூப்பிட்டு எப்படிப் புகார் செய்வது என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்புங்கள். அந்த 30 நாள் உங்கள் புகார் வங்கிக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்துதான் எண்ணப்படும்.

கடிதம் எழுதும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த முறை இரண்டு மூன்று பேர் கார்டின் படத்தையே எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அவற்றை அழித்துவிட்டேன். கார்டு எண்ணையோ பின்பக்கத்து மூன்று இலக்கத்தையோ எனக்கும் அனுப்ப வேண்டாம். பில்லில் வந்த தொகையும் தேதியும் இருந்தால் போதும், கணக்குப் போட்டுத் தருகிறேன்.